பாதி பழசு, பாதி புதுசாக ஓடும் மென்பொருளில் கோளாறு பிடிப்பது: முறைப்பாட்டிலிருந்து தொடங்கும் வழிமுறை

கிளவுட்டில் ஓடும் வணிக மென்பொருளின் ஃப்ரண்ட்எண்டை, அதாவது பயனர் பார்க்கும் திரைப் பகுதியை, ஒரே நாளில் மாற்றிவிட யாராலும் முடிவதில்லை. பழைய திரைகள் எழுதப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு 2021 டிசம்பரோடு நின்றுவிட்டது. இன்னொரு நூலகமான ஜேகுவெரியில் எழுதிய திரைகள் அதைவிடப் பழையவை. ஆனாலும் நெல் கொள்வனவு, கையிருப்பு, சம்பளம், கடன் கணக்கு எல்லாம் அவற்றிலேதான் நாள்தோறும் நடக்கின்றன. ஆகவே வெளியே ஒரு புதிய சட்டகத்தைப் போட்டு, உள்ளே திரை திரையாகப் புதிய நூலகமான ரியாக்ட்டுக்கு மாற்றிக்கொண்டு போகிறோம். மாறாதவை பழையபடி கிடக்கும். மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபௌலர் 2004 இல் இந்த முறைக்கு, வேறு மரத்தில் முளைத்து அதையே சுற்றி மூடிவிடும் அத்தி இனத்தின் பெயரை வைத்தார். பனையைச் சுற்றி வளர்ந்த ஆலமரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்படி மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் வன்னியின் பரந்தன், மாங்குளம், நெடுங்கேணி என்று கிளைகளிலிருந்து வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை புதிய திரைக்குள்ளும் இல்லை, பழைய திரைக்குள்ளும் இல்லை. இரண்டும் தொடுகிற இடத்தில்தான் இருக்கின்றன. குக்கி, திகதி, எழுத்துரு, ஸ்டைல், முகவரி, இவைதான் அந்த இடங்கள். அதனால் மென்பொருளின் கோட் (code) வரிகளைத் திறக்க முதல் தொலைபேசியிலேயே மூன்று விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மேலே முகவரிப் பட்டையில் என்ன இருக்கிறது, எந்தத் திரையிலிருந்து இங்கே வந்தீர்கள், பக்கத்து மேசைக் கணினியிலும் இதே கோளாறா. இரண்டாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பழையதிலிருந்து புதியதற்கு வந்தபோது மட்டும் உடைகிறது என்றால் பாதி வேலை முடிந்தது.

கீழே தலைப்புகள் எல்லாம் ஆட்கள் சொல்லுகிற மாதிரியே இருக்கின்றன.

“காலமை திறந்தால் வெள்ளையாக் கிடக்கு”

நேற்று இரவு ரிலீஸ் போனதா என்று பாருங்கள். அரிசி ஆலைக் கவுண்டரில் பிரவுசரை யாரும் மூடுவதில்லை. கிழமைக் கணக்கில் அதே டப் திறந்தே இருக்கும். அந்த டப்பில் இருப்பது பழைய முதற்பக்கம். அது கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட் துண்டின் பெயர் புதிய ரிலீஸில் மாறிவிட்டது, பழைய கோப்பை நீங்கள் சேர்வரிலிருந்து அழித்துவிட்டீர்கள். மெனுவில் ஒன்றைத் தொட்டதும் அந்தத் துண்டு கிடைக்காமல் திரை வெளுக்கிறது.

எஃப்12 அழுத்தி, பிரவுசரின் சோதனைக் கருவியில் நெட்வேர்க் பகுதியைத் திறந்து பாருங்கள். 404 (கோப்பு இல்லை) சிவப்பாக இருந்தால் விடயம் நேரடியானது. குழப்புவது மற்றது. கோப்பு 200, அதாவது ‘சரி’, என்றே வந்திருக்கும், ஆனால் அதைத் தொட்டு உள்ளடக்கத்தைப் பார்த்தால் ஜாவாஸ்கிரிப்ட் இருக்காது, எச்டிஎம்எல் பக்கம் இருக்கும். இல்லாத முகவரி எதைக் கேட்டாலும் முதற்பக்கத்தையே கொடு என்று சேர்வரில் எழுதிவைத்த விதி செய்த வேலை அது. கொன்சோலில் (அதே கருவியில் பிழைகள் விழும் பகுதி) ‘எதிர்பாராத சிறியது-குறி (<)’ என்று ஒரு பிழை கிடந்தால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லலாம். அந்த விதியைத் திரைகளின் முகவரிகளுக்கு மட்டும் வையுங்கள். கோப்புகள் இருக்கும் அடைவுக்கு 404 தான் போக வேண்டும்.

நிரந்தரத் தீர்வுக்கு மூன்று மாற்றம் போதும். முதற்பக்கத்துக்கு ‘நோ-கேஷ்’ ஹெடர் (ஒவ்வொரு தடவையும் சேர்வரிடம் கேட்டுச் சரிபார் என்ற குறிப்பு) போடுங்கள். பெயரிலேயே ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் மாறும் குறியீடு) உள்ள கோப்புகளைப் பிரவுசர் ஒரு வருடம், அதாவது 31536000 செக்கன், சேமித்து வைத்துக்கொள்ள விடலாம். தனித்தனியாக வெளியிடும் பகுதிகளைப் பிரவுசரில் இணைக்கும் வெப்பேக்கின் மொடியூல் ஃபெடரேஷனில் ஓடுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு பகுதியின் நுழைவுக் கோப்பும் முதற்பக்கம் மாதிரியே ‘நோ-கேஷ்’ ஆக இருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு நாள் முழுக்கத் தேடுபவர்கள் உண்டு. இரண்டாவது, முந்திய ரிலீஸ்களின் கோப்புகளைச் சில கிழமைகளுக்கு அழிக்காமல் விடுங்கள், இடம் மலிவு. மூன்றாவது, துண்டு ஏறாவிட்டால் பக்கத்தை ஒரேயொரு தடவை தானாக ரீலோட் செய்ய வையுங்கள். அந்த ‘ஒரேயொரு தடவை’யை செஷன் ஸ்டோரேஜில் (டப் மூடும்வரை பிரவுசர் வைத்திருக்கும் இடம்) குறித்து வைக்காவிட்டால், அந்தத் துண்டு தொடர்ந்து கிடைக்காதபோது பக்கம் ஓயாமல் ரீலோட் ஆகிக்கொண்டே இருக்கும்.

கோப்புகள் எல்லாம் சரியாக வந்தும் வெள்ளைதான் என்றால், கொன்சோலில் ஹுக் அழைப்பு செல்லாது என்ற ரியாக்ட் பிழை இருக்கிறதா பாருங்கள். சட்டகம் ஒரு ரியாக்ட்டையும் உள்ளே வந்த பகுதி இன்னொரு ரியாக்ட்டையும் கொண்டு வந்திருக்கிறது. பகிரும் பட்டியலில் ரியாக்ட்டையும் ரியாக்ட்-டொம்மையும் ‘சிங்கிள்டன்’ (ஒரேயொரு பிரதி) ஆக்குங்கள்.

“திரும்பத் திரும்ப லொகின் கேக்குது”

பழைய திரையைப் புதிய சட்டகத்துக்குள் ஐஃப்ரேமாக (பக்கத்துக்குள் இன்னொரு பக்கமாக) வைத்திருக்கிறீர்களா? இரண்டும் வேறு வேறு டொமைனிலா? அப்படியென்றால் முதற் சந்தேகம், ஆளை அடையாளம் காணப் பிரவுசர் வைத்திருக்கும் சிறு குறிப்பான குக்கிதான். 2020 இல் குரோம் 80 வந்ததிலிருந்து, ‘சேம்சைட்’ குறிப்பிடாத குக்கி ‘லக்ஸ்’ ஆகவே கணக்கில் எடுக்கப்படுகிறது. வேறு தளத்தின் ஐஃப்ரேமுக்குள் அது போகாது. ‘நன்’ என்றும் ‘செக்கியூர்’ என்றும் மாற்றினால் குரோமில் ஓடக்கூடும். சஃபாரி மூன்றாம் தரப்புக் குக்கிகளையே தடுத்துவிடும், அதனால் முதலாளியின் ஐபோனில் மட்டும் கோளாறு தொடரும். இந்தச் சண்டையே வேண்டாம். இரண்டையும் ஒரே டொமைனின் கீழ் கொண்டுவாருங்கள்: முன்னால் ஒரு ரிவர்ஸ் புரொக்சி (கோரிக்கையை வாங்கி உரிய சேர்வருக்கு அனுப்பும் இடைச் சேர்வர்), பழைய திரைகளுக்கு ஒரு பாதை, புதியவற்றுக்கு இன்னொரு பாதை. இந்த ஒரு மாற்றம் இன்னும் நாலைந்து தலையிடிகளையும் சேர்த்துத் தீர்க்கும்.

டொமைன் ஒன்றுதான், ஆனாலும் கேட்கிறது என்றால், பழையது செஷனையும் (சேர்வரில் இருக்கும் லொகின் பதிவு) புதியது டோக்கனையும் (பிரவுசரிடம் கொடுத்த அனுமதிச் சீட்டு) நம்பி ஓடுகின்றனவா என்று பாருங்கள். இரண்டின் ஆயுளும் வேறு வேறாக இருக்கும். புதிய திரையில் இரண்டு மணித்தியாலம் வேலை செய்தவருக்கு டோக்கன் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் யாரும் தொடாத பழைய செஷன் செத்துப் போயிருக்கும்.

ஒரேயொரு கணினியில் மட்டும் கேட்கிறது என்றால், கோட்டைப் பார்க்க முதல் அந்தக் கணினியின் கீழ் மூலையில் திகதியைப் பார்க்கச் சொல்லுங்கள். மதர்போர்ட் பற்றரி தீர்ந்த கணினிகள் மின்சாரம் போய் வந்ததும் எங்கேயோ ஒரு பழைய வருடத்தில் எழும்பும். அதற்குச் சான்றிதழும் செல்லாது, டோக்கனும் செல்லாது. ஒரு நாணய அளவு பற்றரிதான் தீர்வு.

“திகதி ஒரு நாள் குறையுது”

இதில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டும்.

முதல் வகை: எல்லாருக்கும், எல்லாத் திகதியும் ஒரு நாள் குறைகிறது. மே 1 இல் போட்ட பில் ஏப்ரல் கணக்கில் விழுகிறது. பழைய திரை திகதியை வெறும் எழுத்தாக அனுப்பியது. புதிய திரையில் நாட்காட்டியைத் தொட்டதும் ஜாவாஸ்கிரிப்ட்டின் ‘டேட்’ பொருள் உருவாகிறது. அதற்குள் இருப்பது மே 1 நள்ளிரவு, இலங்கை நேரம். அனுப்புவதற்காக ஜேசன் என்ற எழுத்து வடிவுக்கு மாறும்போது அது யூடிசி எனும் உலகப் பொது நேரத்துக்குப் போய் ஏப்ரல் 30, 18:30 ஆகிவிடுகிறது. சேர்வர் நேரப்பகுதியை வெட்டிவிட்டு முன்பாதியை எடுத்து வைக்கிறது. நெட்வேர்க் பகுதியில் அனுப்பிய தரவைத் திறந்து பார்த்தால் அந்த 18:30 அப்படியே தெரியும். மணி இல்லாத திகதிக்கு ‘டேட்’ பொருளே வேண்டாம். வருடம், மாதம், நாள் என்று எழுத்தாகவே திரையிலிருந்து தரவுத்தளம் வரை போகட்டும்.

இரண்டாம் வகை விசித்திரமானது. பில் திகதி எல்லாம் சரி. அங்கத்தவர்களின் பிறந்த திகதி மட்டும், அதுவும் சிலருக்கு மட்டும், ஒரு நாள் குறைகிறது. ஐம்பது வயதுக்காரருக்குச் சரி, புதிதாகச் சேர்ந்த இளம் ஊழியருக்குப் பிழை. பிழையானவர்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். எல்லாரும் 1996 மே கடைசிக்கும் 2006 ஏப்ரல் நடுப்பகுதிக்கும் இடையில் பிறந்தவர்களாக இருப்பார்கள்.

காரணம் நாட்டின் மணிக்கூடு. 1996 மே மாதம் இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, யூடிசியைவிட ஐந்தரை மணித்தியாலம் கூடவாக இருந்ததை ஆறரையாக்கினார்கள், அதே வருடம் ஒக்டோபரில் ஆறாக்கினார்கள், 2006 ஏப்ரல் 15 இல்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. பிரவுசருக்குள் இருக்கும் நேர வலயத் தரவு இதை எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறது. 2001 மார்ச் 14 நள்ளிரவை அது யூடிசிக்கு மாற்றும்போது ஆறு மணித்தியாலம் கழித்து மார்ச் 13, 18:00 என்று அனுப்பும். சேர்வரில் யாரோ முன்பு, முதல் வகைக் கோளாறுக்கு ஒட்டுப்போட, ஐந்தரை மணித்தியாலத்தைக் கையால் கூட்டி எழுதியிருப்பார். 18:00 உடன் 5:30 கூட்டினால் 23:30. இன்னும் மார்ச் 13 தான்! 1980 இல் பிறந்தவருக்கு அதே கணக்கு 18:30 உடன் 5:30, சரியாக நள்ளிரவு, திகதி சரி. முதல் வகைக்குச் சொன்ன தீர்வே இதற்கும் தீர்வு. ஆனால் கையால் கூட்டும் அந்த வரியையும் தேடி எடுத்துவிட வேண்டும், ஏற்கெனவே பிழையாகப் பதிந்தவற்றை அடையாள அட்டையோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பத்து வருடமும் வன்னியில், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில், மணிக்கூடு மாறவேயில்லை. கொழும்பு நேரத்துக்கும் அந்த இடங்களின் நேரத்துக்கும் முதல் ஐந்து மாதம் ஒரு மணித்தியாலமும் பிறகு அரை மணித்தியாலமும் வித்தியாசம் இருந்தது. பிரவுசருக்கு முழுத் தீவும் ஒரே வலயம். ஆகவே இங்கே பிறந்தவருக்கு, அவர் பிறந்த இடத்தில் நடைமுறையில் இல்லாத ஒரு நேரத்தால் பிறந்த திகதி பிழைக்கிறது. மணி சேர்த்துப் பதியும் ஆவணங்களைக் கையாள்பவர்கள் இதை மனதில் வைத்திருப்பது நல்லது.

“பேர் இருக்கு, தேடினால் வருகுதில்லை”

முதலில் பெயர் எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள். “இங்கிலீசில கண்டபாட்டுக்குக் கிடக்கு” என்றால், யூனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துரு. பழைய பதிவுகள் யூனிகோட் அல்ல. தரவுத்தளத்தில் உண்மையில் கிடப்பது ஆங்கில எழுத்துகளும், மெய்யெழுத்துப் புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளிகளும். பழைய திரையின் ஸ்டைலில் பாமினி ஃபொன்ட்டைக் கட்டிவைத்திருந்ததால் அது தமிழாகத் தெரிந்தது. புதிய திரையில் அந்த ஃபொன்ட் இல்லை, வேடம் கலைந்துவிட்டது. புதிய திரையிலும் பாமினியை ஏற்றிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், அந்தக் கடன் வட்டியோடு வரும். தரவையே மாற்றுங்கள். மாற்றும்போது ஒரு எச்சரிக்கை: தரவுத்தளத்தின் அதே நிரலில் (column) உண்மையாகவே ஆங்கிலத்தில் எழுதிய கம்பனிப் பெயர்களும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் அவை அர்த்தமில்லாத தமிழாகிவிடும். மாற்ற முதல் பட்டியலை எடுத்து, பெயர்களை அறிந்த கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துக் குறி போட வையுங்கள். எந்த மென்பொருளாலும் அவரளவுக்கு முடியாது.

பெயர் நல்ல தமிழாகத் தெரிந்தும் தேடலில் வராவிட்டால் இன்னும் உள்ளே போக வேண்டும். ‘பொன்னம்பலம்’ என்பதில் வரும் ‘பொ’வை யூனிகோட்டில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறி ஒன்றாகவே சேர்ந்து வரலாம், அல்லது கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பழைய திரையில் தேடலைத் தரவுத்தளம் செய்தது. புதியதில் வேகத்துக்காகப் பட்டியலைப் பிரவுசருக்குள்ளேயே வடிகட்டுகிறோம். அது குறியீட்டுக்குக் குறியீடு பார்த்து ‘இல்லை’ என்கிறது. பதியும்போதும் தேடும்போதும் என்எஃப்சி (ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் விதி) முறையில் ஒழுங்குபடுத்தினால் இது தீரும்.

தீராதவை இரண்டு. ‘சௌந்தரம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ளகரத்தையும் தட்டுபவர்கள் ஏராளம். ‘ஸ்ரீ’யின் முதல் எழுத்துக்கும் யூனிகோட்டில் இரண்டு வடிவம் இருக்கிறது. என்எஃப்சி இந்த இரண்டையும் தொடாது, ஏனென்றால் யூனிகோட்டின் பார்வையில் அவை வேறு வேறு சொற்கள். தேடலுக்கென்று தனியாக ஒரு நிரல் வைத்து, இவற்றை ஒரே வடிவமாக்கிச் சேமியுங்கள். காட்டுவதற்கு ஆள் எழுதிய வடிவமே இருக்கட்டும்.

“முந்தி டக்கெண்டு வந்தது, இப்ப சுத்திக்கொண்டே நிக்குது”

உங்கள் அலுவலக ஃபைபரில் பார்த்துவிட்டு “எனக்கு நல்லா வருதே” என்று சொல்லாதீர்கள். கிளையில் இருப்பது ஒரு டொங்கிள். பிரவுசரின் நெட்வேர்க் பகுதியில் வேகத்தைக் குறைத்து, கேஷையும் (முன்பே சேமித்த கோப்புகளைப் பாவிப்பதை) நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது, ஒவ்வொரு கோப்பும் இறங்கிய நேரத்தைக் கோடாகக் காட்டும் நீர்வீழ்ச்சி வரைபடத்தின் வடிவம். ஒரு கோடு மட்டும் நீளம் என்றால் கோப்பு பெரிது: பழைய ஆங்குலர்ஜேஎஸ், ஜேகுவெரி, புதிய ரியாக்ட் மூன்றும் முதற்பக்கத்திலேயே இறங்குகின்றன. பழையவற்றைப் பழைய திரை திறக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். கோடுகள் படிக்கட்டு மாதிரி ஒன்று முடிய ஒன்று தொடங்கினால், அதுதான் இந்த மாற்றக் காலத்தின் உண்மையான நோய். பழைய திரையில் சேர்வரே எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பக்கமாகக் கொடுத்தது. புதிய திரையோ முதலில் பயனரைக் கேட்கிறது, பிறகு கிளையை, பிறகு பருவத்தை, பிறகு விலைப்பட்டியலை. சேர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும்போது ஒவ்வொரு படியும் கடல் தாண்டிப் போய்வரும். அந்தத் திரைக்கென்றே சேர்வரில் ஒரு ஏபிஐ (தரவு கேட்கும் வழி) எழுதி, தேவையானதை ஒரே தடவையில் கொடுக்க வையுங்கள். ரியாக்ட் கூறுகளைச் சுருக்கி, மீள வரைவதைக் குறைத்து மில்லிசெக்கன் பிடிப்பதைவிட இது பல மடங்கு பலன் தரும்.

அளவுகோல் வேண்டும் என்றால் கூகுள் சொல்வது: பெரிய உள்ளடக்கம் 2.5 செக்கனுக்குள், தொட்டதற்குப் பதில் 200 மில்லிசெக்கனுக்குள். இரண்டாவது அளவை 2024 மார்ச்சில்தான் சேர்த்தார்கள். கவுண்டரில் இருப்பவருக்கு முக்கியமானது அதுதான், அவர் பக்கத்தை ஒரு தடவைதான் திறக்கிறார், நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

“பின்னேரம் ஆக ஆக இழுக்குது, மூடித் திறந்தால் சரி”

நினைவகக் கசிவு. தராசின் நிறையைச் செக்கனுக்கு ஒருமுறை கேட்கும் பழைய திரை ஒன்று இருக்கிறதா? அதற்குள் போங்கள், வெளியே வாருங்கள், மறுபடி போங்கள். நெட்வேர்க் பகுதியில் செக்கனுக்கு ஒன்றாக இருந்த கேள்வி இரண்டாகும், அடுத்த தடவை மூன்றாகும். முன்பு பக்கம் மாறும்போது எல்லாம் தானாகச் செத்தது. இப்போது சட்டகம் பக்கத்தை மாற்றுவதில்லை, ஆகவே டைமரும் ஜேகுவெரி கட்டிய நிகழ்வுகளும் உயிரோடு இருக்கின்றன. வெளியேறும்போது அவற்றை நிறுத்தும் கடமையைப் பழைய திரையைச் சுற்றும் கூறிடம் கொடுங்கள்.

“ஒரு பில் ரெண்டாப் போட்டுட்டுது”

இதை மட்டும் நாளைக்குத் தள்ளிவைக்காதீர்கள், இது காசு.

பட்டனை இரண்டு தரம் அழுத்தியதாகவே எல்லோரும் நினைப்பார்கள். பட்டனை முடக்கிவிட்டு ஆறுதலடைவார்கள். மற்றக் காரணம் மறைந்திருக்கிறது. கோரிக்கை சேர்வருக்குப் போய்ப் பதிந்துவிட்டது, பதில் திரும்பி வரும் வழியில் லைன் போய்விட்டது. புதிய திரையில் நீங்கள் சேர்த்த நூலகம் ‘தோல்வி’ என்று நினைத்துத் தானாகவே மறுபடி அனுப்புகிறது. இரண்டு பில்லின் நேரத்தையும் பாருங்கள். இடைவெளி ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக இருந்தால் அது மனிதக் கை அல்ல.

படிவம் திறக்கும்போதே அதற்கென்று ஒரு தனி இலக்கத்தை உருவாக்குங்கள். பட்டனை அழுத்தும்போது உருவாக்கினால் பயனில்லை, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் புது இலக்கம் வரும். சேர்வர் அந்த இலக்கத்தைத் தனித்துவமாகச் சேமித்து, மறுபடி வந்தால் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே கொடுக்க வேண்டும். அது தயாராகும்வரை பதியும் கோரிக்கைகளுக்குத் தானியங்கி மறுமுயற்சியை நிறுத்திவிடுங்கள்.

சில்லறைக் கோளாறுகள்

பின்னால் போகும் பட்டனை இரண்டு தரம் அழுத்த வேண்டியிருந்தால், சட்டகத்தின் ரவுட்டரும் (முகவரிக்கேற்ற திரையைத் திறக்கும் பகுதி) பழைய திரையின் ஹாஷ் ரவுட்டரும் இரண்டுமே வரலாற்றில் எழுதுகின்றன. முகவரியை எழுதும் உரிமையைச் சட்டகத்துக்கு மட்டும் கொடுங்கள்.

ரூபாய் 12,50,000 என்று காட்டினால் எண் வடிவமைப்புக்கு வெறும் ‘தமிழ்’ என்று மொழி கொடுத்திருக்கிறீர்கள். அது இந்திய முறை. எண்களுக்கு மட்டும் ஆங்கில முறையைக் கொடுத்தால் நம்மவர்களுக்குப் பழக்கமான 1,250,000 வரும்.

80 மில்லிமீற்றர் பில் தாளில் எழுத்து வெட்டுப்பட்டால், பழைய பூட்ஸ்டிரப் ஸ்டைல் நூலகத்தின் அச்சு விதிகள் புதிய பில்லுக்குள் கசிந்திருக்கின்றன. பில்லைத் தனி ஐஃப்ரேமில் வரைந்து அச்சடிப்பது அழகான தீர்வு அல்ல, ஆனால் வேலை செய்யும். தமிழ் எழுத்தின் மேல் விசிறியும் கீழ்ச் சுழியும் வெட்டுப்படுகின்றன என்றால் வரி உயரத்தைக் கூட்டுங்கள், ஆங்கிலத்துக்கு வைத்த அளவு தமிழுக்குப் போதாது.

எதுவும் பிடிபடாதபோது

ஒவ்வொரு திரைக்கும் பழையது, புதியது என்று ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும், அது கிளை வாரியாகவும் இருக்க வேண்டும். பிடிபடாவிட்டால் அந்தக் கிளைக்கு மட்டும் பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆறுதலாகத் தேடுங்கள். காலபோக அறுவடை நேரத்தில், லொறிகள் வரிசையில் நிற்கும்போது, நெல் கொள்வனவுத் திரையைத் தொடவே வேண்டாம்.

பழைய திரையை எப்போது அழிப்பது என்ற கேள்விக்குச் சேர்வர் பதிவுகளைப் பார்த்து, ‘இரண்டு மாதமாக யாரும் திறக்கவில்லை’ என்று முடிவெடுப்பது வழக்கம். வன்னியில் அந்தக் கணக்கு சரிவராது. விதைநெல் கடன் தீர்க்கும் திரை போன்றவற்றைப் போகத்துக்கு ஒருமுறைதான் திறப்பார்கள். ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் முழுதாகக் கழியும்வரை பழைய முகவரியை விட்டுவையுங்கள், யாராவது வந்தால் எந்தக் கிளையிலிருந்து என்று பதிவில் விழட்டும். பெரும்பாலும் அது யாரோ ஒருவரின் பிரவுசரில் புக்மார்க் ஆகக் கிடக்கும். அவருக்கு ஒரு போன் எடுத்து அதை மாற்றிக்கொடுத்த பிறகு பழைய திரையின் கோட் வரிகளை அழிக்கலாம்.